நாவக்கொட்டைத் தூள்

ராயபுரம் பனைமரத்தொட்டியில் இரும்புச் சாமான் வாங்குகிறவன் முட்டாள். ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், அரிவாள்மணை எதுவானாலும் கடல் காற்று ஒரு மழைக்காலத்துக்குள் தின்று துப்பிவிடும். சுவர்களும் அப்படித்தான். எங்கள் வீட்டுக்கும் அருள்நாதன் வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். இந்தப் பக்கம் ஆணி அடித்தால் அது அந்தப் பக்கம் போய் எட்டிப் பார்க்கும். அந்தப் பக்கம் யாராவது இருமினால் இந்தப் பக்கம் தூக்கம் கெடும். ஆகவே நான் சொல்லப்போவதில் பாதி கண்ணால் பார்த்தது, மீதி அந்தச் சுவர் சொன்னது.

அருள்நாதன் திருவொற்றியூர் ஹைரோட்டில் இருந்த பாட்டில் கம்பெனியில் உலைக்காரர். நீளமான இரும்புக் குழாயை உலைக்குள் விட்டு, உருகிக் கிடக்கும் கண்ணாடியைப் பாகு எடுப்பது போலச் சுற்றி எடுத்து அச்சுக்காரனிடம் கொடுக்க வேண்டும். ஒரு சொட்டுக் கீழே விழுந்தாலும் அது விழுந்த இடம் பொசுங்கும். அதற்காகக் கம்பெனி வருஷா வருஷம் ஒரு ஜோடி தோல் பூட்ஸ் கொடுத்தது. எங்கள் பக்கத்தில் கம்பெனி பூட்ஸை யாரும் கம்பெனிக்குப் போட்டுக்கொண்டு போக மாட்டார்கள். பாலிஷ் போட்டு வைத்திருந்து ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போட்டுக்கொள்வார்கள். உலைக்கு முன்னால் வெறுங்கால்தான். ஈரச் சாக்கை மடித்துப் போட்டு அதன்மேல் நிற்பார்கள். அருள்நாதனுக்கு அந்த ஈரச் சாக்கும் வேண்டாம்.

“இன்னா மாமு, சாக்கு போடாம நிக்கிற? காலு இன்னா கருங்கல்லா?” என்று புது ஆட்கள் கேட்பார்கள்.

“இருவது வர்சமா உலையாண்ட நிக்கறேன்டா. நெருப்பு நம்ம தோஸ்து. என்ன ஒண்ணும் பண்ணாது” என்பார்.

தெருவில் எங்களுக்கும் அதில் பெருமைதான். சர்க்கரை வியாதி இருப்பது அவருக்குத் தெரியும். நாலைந்து வருஷமாக மாத்திரை தின்றுகொண்டிருந்தார். ஆனால் கால் சூடு தெரியாமல் போனதற்கும் அந்த வியாதிக்கும் சம்பந்தம் உண்டு என்று அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. ஒரு மனுஷனுடைய கால் செத்துக்கொண்டிருப்பதை வீரம் என்று நினைத்துக் கைதட்டிக்கொண்டிருந்தோம்.

ஒரு நாள் காலை ஷிப்டில், பக்கத்து உலை வாயில் நின்றிருந்த கலீலுல்லாவுக்கு மூக்கில் ஏதோ ஏறியது. “எவன்டா அவன், உலையாண்ட கருவாடு சுட்றது?” என்று கத்தினார். எல்லாரும் சுற்றிப் பார்த்தார்கள். அருள்நாதனும் கருவாடு எங்கே என்று சுற்றிப் பார்த்தார். அவருடைய சுண்டுவிரலோடு ஒட்டிக்கொண்டு ஒரு கண்ணாடிக் கட்டி புகைந்துகொண்டிருந்தது.

பெரியாஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். அங்கே ஒரு டாக்டரம்மா இருந்தார். நோயாளிகளிடம் நின்று பேசுகிற ஜாதி, அபூர்வம். வியாகுலம்மாளை, அதுதான் அருள்நாதன் மனைவியை, பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னார்.

“உங்க ஊர் எது? ராயபுரமா? அங்கே ஜன்னல் கம்பி எப்படித் துருப்பிடிக்குது, பாத்திருக்கீங்க இல்லையா? சர்க்கரை ரத்தத்திலே ஏறிப்போச்சுன்னா, ரத்தக் குழாயோட உள்சுவர் அந்த மாதிரி அரிச்சுப்போகும். குழாய் சுருங்கிடும், அடைச்சிக்கும். காலுக்கு ரத்தம் போகாது. ரத்தம் போகாத இடத்திலே புண்ணு எப்படி ஆறும்?”

“அதுக்கு இன்னாம்மா பண்றது?”

“மாத்திரையை ஒரு நாள்கூட விடக்கூடாது. அதுதான் முதல்ல. வெள்ளைச் சோறு, வெல்லம், சர்க்கரை எல்லாம் குறைக்கணும். நெல்லிக்காய், முருங்கைக்கீரை, கருவேப்பிலை, நாவல்பழம், நாவல்கொட்டை இதெல்லாம் குடுங்க. இதிலே இருக்கிற ஏதோ ஒரு சத்து குழாயைத் துருப்பிடிக்காம காக்குதுன்னு எங்க காலேஜ்லே ஆராய்ச்சி பண்ணிக்கிட்டிருக்காங்க. இன்னும் முடிவா ஒண்ணும் சொல்லலை. ஆனா கெடுதல் இல்லை. மாத்திரையோட சேர்த்துக் குடுங்க, மாத்திரைக்குப் பதிலா இல்லை.”

வியாகுலம்மாளுக்குக் காலேஜ் ஆராய்ச்சி தேவையில்லை. டாக்டரம்மா வாயிலிருந்து நாவல்கொட்டை என்று வந்துவிட்டதே, அது போதும். அது ஆடி மாசம். பள்ளிக்கூட வாசலில் கூறு கட்டி நாவல்பழம் விற்கிற காலம். அவள் ஒரு கூடையை எடுத்துக்கொண்டு போய் அங்கே நிற்பாள். பிள்ளைகள் பழத்தைச் சப்பிவிட்டுக் கொட்டையை அந்தக் கூடைக்குள் குறி பார்த்துத் துப்புவார்கள். சில வாண்டுகள் அவள் மேலேயே துப்பும். “துப்புடா ராசா, துப்பு. என் வூட்டுக்காரு காலு நிக்கட்டும்” என்று சிரிப்பாள். கொட்டைகளைக் கழுவி, தகரக் கூரைமேல் காயவைத்து, ஓட்டை உடைத்து, உரலில் இடித்து, பழைய வேட்டியில் சலித்து வைப்பாள். காலையும் மாலையும் வெந்நீரில் ஒரு கரண்டி. துவர்ப்பில் வாய் பூட்டிக்கொள்ளும். அருள்நாதன் குடித்துவிட்டு முகத்தைச் சுளிக்கிற சுளிப்பைப் பார்க்கவே நாங்கள் போவோம்.

“சேசுவே, இது மருந்தா, இல்ல வெள்ளையடிக்கிற சுண்ணாம்பா? நாக்கு அல்லாம் மரத்துப்போவுது மே.”

“காலு மரத்துச்சே, அப்போ சும்மாதான இருந்த? குடிய்யா.”

நல்ல பெண்பிள்ளை. இதை நான் இப்போதே சொல்லிவிட வேண்டும். பின்னால் சொன்னால் யாரும் நம்ப மாட்டீர்கள்.

பாட்டில் கம்பெனியில் ஒரு வழக்கம் இருந்தது. வேலை செய்கிறவன் காயம்பட்டுப் படுத்தால், அவன் பிள்ளையைப் பதிலியாக எடுத்துக்கொள்வார்கள். ஆறு மாசம் கழித்துக் கம்பெனி டாக்டர் அப்பனைப் பார்ப்பார். தேறியிருந்தால் அப்பன் உள்ளே, பிள்ளை வெளியே. தேறாது என்று டாக்டர் எழுதிவிட்டால் பிள்ளைக்கு வேலை நிரந்தரம். கம்பெனிக்காரன் தர்மம் என்று நினைத்துத்தான் இதைச் செய்திருப்பான். ஒரே சோற்றுத் தட்டை அப்பனுக்கும் பிள்ளைக்கும் நடுவில் வைத்துவிட்டான்.

பிள்ளை பெயர் லூர்து. அதுவரை காசிமேட்டில் ஐஸ் பார் சுமந்துகொண்டிருந்தான். தோள்பட்டையில் தோல் வெந்து வெந்து உரியும். பதிலியாக உலைக்குப் போன முதல் நாள், அப்பனின் பூட்ஸைப் போட்டுக்கொண்டு போனான். புத்திசாலி. சம்பளம் கைக்கு வந்ததும் ஆளே மாறிவிட்டான். தலையில் எண்ணெய், சட்டையில் இஸ்திரி. ஞாயிற்றுக்கிழமை பூசையில் பெண்கள் பக்கம் பார்க்கிற பார்வையில் ஒரு தைரியம். ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்த செல்வநாதன் தன் பெண் ஃப்ளோராவைக் கொடுக்கச் சம்மதித்தார். ஒரே ஒரு நிபந்தனை மட்டும் வைத்தார்.

“பர்மனெண்ட் ஆவட்டும். அந்த வாரமே கோயில்ல கல்யாண ஓலை வாசிச்சிடலாம். பதிலிக்காரனுக்குப் பொண்ண குட்த்தேன்னு நாளிக்கு நாலு பேரு என்ன கேக்கக் கூடாது பாரு.”

அதில் தப்பில்லை. பெண்ணைப் பெற்றவன் அப்படித்தான் பேசுவான்.

புரட்டாசியில் அருள்நாதன் கால் ஆறத் தொடங்கியது. ஓரத்திலிருந்து ரோஸ் நிறத்தில் புதுச் சதை ஏறிவந்தது. டாக்டரம்மாவே குனிந்து பார்த்து, “பரவாயில்லையே!” என்றாராம். அருள்நாதனுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு, பஸ் பிடித்து, நேராகக் கம்பெனி வாசலுக்குப் போய்விட்டார். ஷிப்டு முடிந்து வந்த கலீலுல்லாவிடம் கட்டை அவிழ்த்துக் காட்டினார்.

“பாத்தியா பாய்? எப்டி கீது?”

கலீலுல்லா குந்தி உட்கார்ந்து பார்த்தார். “மாஷா அல்லா! சோக்கா ஆறிக்கினு வர்து அருளு. எப்போ வர்ற?”

“மார்கழில டாக்டரு பாக்குறாரு. அதுக்குள்ள ஓடுவேன் பாரு. வூட்ல குந்திகினு பேஜாரா கீது பாய். உலையாண்ட நிக்காம ஒடம்பு சில்லுனு ஆயிடிச்சி.”

அப்போது லூர்து வாசலைத் தாண்டி வந்துகொண்டிருந்தான். அப்பனையும் பார்த்தான், அந்தக் காலையும் பார்த்தான். “இன்னா நைனா, இம்மாந்தூரம் வந்துகினு கீற?” என்று கேட்டான். அவ்வளவுதான். இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் வீட்டுக்கு வந்தார்கள். வழியில் பேசிக்கொள்ளவில்லை என்று அருள்நாதனே பிறகு சொன்னார். பையனுக்குக் களைப்பு என்று நினைத்தாராம்.

மறுநாள் மத்தியானம் அருள்நாதன் கோயிலுக்குப் போயிருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் தாயும் மகனும் பேசிக்கொண்டார்கள்.

“இன்னாம்மா, நைனா காலு ஆறிப்போச்சு போல.”

“மாதா குட்த்த புண்ணியம்டா.”

“உனுக்குப் புண்ணியம். எனுக்கு?”

உரல் சத்தம் மட்டும் கேட்டது.

“அத்த நிறுத்தும்மா கொஞ்சம். நைனா உள்ள போனா நான் வெளிய. மறுபடியும் காசிமேட்டுல ஐஸ் தூக்கணும். ஃப்ளோரா வூட்ல ஓலை வாசிப்பாங்களா? அவங்க நைனா இன்னொரு மாப்ளய இட்டாந்துடுவாரு.”

“அதுக்கு நான் இன்னாடா பண்றது? உங்க நைனா காலுடா அது.”

“காலு போவட்டும்னா சொன்னேன்? ஆறாம இருக்கட்டும். டாக்டரு பாக்குற வரிக்கும் அப்டியே இருந்தா போதும். அப்பால நீ எத்தினி கொட்ட வேணாலும் இடி. நான் மூட்ட மூட்டயா வாங்கியாறேன். நைனாவுக்கு இனிமே இன்னாத்துக்கும்மா உலை? இருவது வர்சம் வெந்துச்சி, போதாதா? வூட்ல குந்திகினு துண்ட்டும். நான் சம்பாரிச்சிப் போட மாட்டேனா?”

“டாக்டரம்மா காலு போயிடும்னு சொன்னாங்கடா.”

“ரெண்டு மாசத்துல போவாதும்மா. ஞாயித்துக்கெழம உலைய அடக்கி வைக்கிறோமே, அணைஞ்சா போவுது? திங்கக்கெழம தீனி போட்டா திரும்ப ஏறிக்குது. அந்த மாரிதான்.”

இதுதான் அவர்கள் செய்த தப்புக் கணக்கு. மனுஷன் காலையும் கம்பெனி உலை போல அடக்கி வைத்து, வேண்டும்போது ஏற்றிக்கொள்ளலாம் என்று நினைத்துவிட்டார்கள். லூர்து கெட்டவன் என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஐஸ் பார் சுமந்த தோள் அது.

உரல் சத்தம் அதன் பிறகு கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்து மாவரைக்கும் எந்திரக்கல் சுற்றுகிற சத்தம் கேட்டது. கோயிலில் ஏழைகளுக்கென்று அமெரிக்கக் கோதுமை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வியாகுலம்மாள் அதைக் கறுக்க வறுத்து அரைத்தாள். நிறம் அப்படியே நாவல்கொட்டைத் தூள் நிறம். அதே டப்பாவில் போட்டு, அதே கரண்டியில் எடுத்து, அதே லோட்டாவில் கலக்கிக் கொடுத்தாள்.

முதல் நாள் நான் அங்கே இருந்தேன். பேப்பர் வாங்கப் போயிருந்தேன். அருள்நாதன் ஒரு வாய் குடித்துவிட்டு லோட்டாவைப் பார்த்தார்.

“இன்னாய்யா?” என்றாள் அவள்.

“ஒண்ணும் இல்ல. சூடு” என்று சொல்லிவிட்டு மிச்சத்தையும் குடித்தார்.

மாத்திரை வாங்கிவருவது லூர்துவின் வேலை. கம்பெனிப் பக்கத்து டிஸ்பென்சரியில் அவன்தான் வரிசையில் நின்று வாங்குவான். ஒரு வாரம் வெறுங்கையோடு வந்தான். “ஸ்டாக்கு இல்லியாம் நைனா. அடுத்த வாரம் வரச் சொல்லிக்கிறாங்க.” அடுத்த வாரமும் ஸ்டாக் இல்லை. முருங்கைக்கீரையும் வீட்டுக்கு வருவது நின்றுவிட்டது. மழையில் கீரைக்காரி வருவதில்லை என்றாள் வியாகுலம்மாள். எங்கள் வீட்டுக்கு மட்டும் வந்துகொண்டிருந்தாள். தட்டில் வெள்ளைச் சோறு குவிந்தது. காப்பியில் வெல்லம் விழுந்தது. ஃப்ளோரா வீட்டிலிருந்து வந்த அதிரசத்தை வியாகுலம்மாளே எடுத்து, “ஒண்ணே ஒண்ணு துண்ணுய்யா, சம்பந்தி வூட்டு பலகாரம்” என்று கையில் கொடுத்தாள். அவர் தின்றார். எதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. எதையும் ஏன் என்று கேட்கவில்லை. எங்களோடு சேர்ந்து வாசலில் உட்கார்ந்து பேசுகிறவர், உள்ளேயே உட்கார்ந்து சுவரைப் பார்க்கத் தொடங்கினார்.

கார்த்திகை மழையில் தெரு முழுக்கச் சாக்கடை ஏறி நின்றது. அருள்நாதன் காலில் ரோஸ் நிறம் முதலில் வெளுத்தது, பிறகு நீலமானது. புண்ணின் ஓரம் ஈரமாகவே இருந்தது. ஒரு நாள் கலீலுல்லா பார்க்க வந்தார். கட்டை அவிழ்க்கச் சொல்லிப் பார்த்தவர், துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“யா அல்லா! இன்னாம்மா இது? அன்னிக்கு சோக்கா இருந்துச்சே! இப்ப இப்டி கீது? மருந்து குடுக்கறியா இல்லியா?”

“குட்த்துகினுதான் கீறேன் பாய். நீங்களே கேளுங்க” என்றாள் வியாகுலம்மாள்.

கலீலுல்லா அருள்நாதனைப் பார்த்தார். “குடுக்குது பாய். வேள தவறாம குடுக்குது” என்றார் அருள்நாதன்.

“பெரியாஸ்பத்திரிக்குப் போலாம் வா. நான் ரிக்‌ஷா இட்டாறேன்.”

“போலாம் போலாம்” என்று குறுக்கே வந்தான் லூர்து. “கம்பெனி டாக்டரு பாக்குற நாளு கிட்ட வந்துடிச்சி. அத்த முட்ச்சிகினு போலாம் பாய்.”

கலீலுல்லாவுக்கு அந்த இடத்தில் விளங்கியிருக்க வேண்டும். அவரும் அதே கம்பெனிக்காரர்தானே. எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, வாசலில் நின்று காறித் துப்பிவிட்டுப் போனார்.

கம்பெனி டாக்டர் கட்டை முழுசாக அவிழ்க்கவில்லை. பாதி அவிழ்த்ததும் போதும் என்று கையை ஆட்டி, ஜன்னலைத் திறக்கச் சொன்னார். வேலைக்கு லாயக்கில்லை என்று எழுதிக் கொடுத்தார். அருள்நாதன் உலைப் பக்கம் ஒரு தரம் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றாராம். நாற்றம் தாங்காது என்று வாசற்காரன் விடவில்லை. லூர்து அவரைக் கைத்தாங்கலாகப் பிடித்து வெளியே கொண்டுவந்தான். அன்றைக்கே வியாகுலம்மாளையும் என்னையும் சேர்த்துக்கொண்டு ரிக்‌ஷா வைத்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனான். சொன்ன வாக்கைக் காப்பாற்றினான், பாவம்.

டாக்டரம்மா காலைப் பார்த்துவிட்டு வியாகுலம்மாளிடம் கேட்டது ஒரே கேள்விதான். “மாத்திரை குடுத்தீங்களா?” அவள் தலையைக் குனிந்துகொண்டாள். டாக்டரம்மா வேறொன்றும் கேட்காமல், முழங்காலுக்கு மேலே கையால் ஒரு கோடு போட்டுக் காட்டிவிட்டுப் போனார். கணுக்காலோடு நின்றிருக்கக்கூடாதா என்று நான்தான் பைத்தியம் போல நர்ஸைக் கேட்டேன். கீழே எங்கேயும் ரத்தமே ஓடவில்லை என்றாள்.

காலை எடுத்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் லூர்து, ஃப்ளோரா பெயருக்கு முதல் ஓலை வாசித்தார்கள். வியாகுலம்மாள் முன் வரிசையில் உட்கார்ந்து கேட்டாள். பூசை முடிந்ததும் வீட்டுக்கு வந்தாள். வீட்டில் மிச்சமிருந்த நாவல்கொட்டையை எடுத்து உரலில் போட்டு இடித்தாள். பல நாள் கழித்து அந்தச் சத்தம் கேட்டு என் மனைவி கையிலிருந்த பாத்திரத்தை வைத்துவிட்டு வந்து என் முகத்தைப் பார்த்தாள்.

மத்தியானம் பார்வை நேரத்துக்கு நாங்கள் மூன்று பேரும் போனோம். வியாகுலம்மாளும் நானும், வழியில் சேர்ந்துகொண்ட கலீலுல்லாவும். வார்டில் பினாயில் நாற்றம். அருள்நாதன் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். போர்வை ஒரு பக்கம் மேடாகவும் ஒரு பக்கம் தட்டையாகவும் கிடந்தது. அந்தத் தட்டையான பக்கத்தைப் பார்க்காமல் இருக்க நாங்கள் எல்லாரும் படாத பாடு பட்டோம்.

“ஓலை வாசிச்சாங்களா?” என்று கேட்டார்.

“ஆச்சுய்யா. சாமியார் சத்தமா வாசிச்சாரு.”

“நல்லாருக்கட்டும்.”

வியாகுலம்மாள் பிளாஸ்கிலிருந்து வெந்நீரை ஊற்றி, பொட்டலத்தைப் பிரித்து, தூளைக் கலக்கினாள். “இத்தக் குடிய்யா. இன்னொரு காலுக்கு ஒண்ணும் வராம பாத்துக்கலாம். இனிமே ஒரு வேளகூட தவறாது” என்று லோட்டாவை நீட்டினாள்.

அவர் ஒரு வாய் குடித்தார். முகம் சுளித்தது. கொஞ்ச நேரம் வாயிலேயே வைத்திருந்து விழுங்கினார்.

“இது நாவக்கொட்ட” என்றார்.

“ஆமாய்யா. எப்பவும் குடுக்கறதுதான?”

“இல்ல. நடுவுல குட்த்தது கோயில் கோதும. கறுக்க வறுத்தது.”

அவளுடைய கையில் பிளாஸ்க் மூடி இருந்தது. அது கீழே விழுந்து உருண்டு பக்கத்துக் கட்டிலுக்கு அடியில் போனது. யாரும் எடுக்கவில்லை.

“காலுதான் செத்துப்போச்சு வியாகுலம். நாக்கு சாவல. மொத நாளே தெரிஞ்சிது.”

கலீலுல்லா எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டார். எனக்கும் போய்விட வேண்டும் போல இருந்தது.

“தெரிஞ்சிகினு ஏன்யா குடிச்ச?” என்றாள் அவள். “அட பாவி மனுசா, ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா? கேட்டிருந்தா குட்த்திருப்பேனே! என் புள்ள சத்தியமா குட்த்திருப்பேன்யா!”

“தெர்யும். கேட்டா குட்த்திருப்ப. அதான் கேக்கல.” அவர் லோட்டாவுக்குள் பார்த்துக்கொண்டே பேசினார். “கேக்காமலே குடுப்பியான்னு பாத்தேன். இன்னிக்கு மாத்துவா, நாளிக்கு மாத்துவான்னு தெனம் வாங்கி மோந்து பாத்துகினே குடிச்சேன். காலு நீலமாச்சு. அத்தப் பாத்துட்டு மாத்துவான்னு நெனச்சேன். நாத்தம் வந்துச்சி. அப்பவும் கோதுமதான் வந்துச்சி.”

வியாகுலம்மாள் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். வாய் திறந்திருந்தது, அழுகைச் சத்தம் வரவில்லை. அவளைப் பார்க்கவும் எனக்குப் பொறுக்கவில்லை, அவரைப் பார்க்கவும் பொறுக்கவில்லை.

அருள்நாதன் மிச்சத்தையும் நிதானமாகக் குடித்து முடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, காலி லோட்டாவை அவளிடம் நீட்டினார்.

“நாளிக்கும் எட்த்தா. லூர்துகிட்ட குட்த்து அனுப்பாத. நீயே எட்த்தாந்து உன் கையால குடு. நான் சாவுற வரிக்கும் குடு.”

அவள் தரையில் உட்கார்ந்தபடியே கையை நீட்டி லோட்டாவை வாங்கிக்கொண்டாள்.

“ஆவட்டும்யா” என்றாள்.